வகை குறிப்பிடப்படாதது

மணிக்கு எட்டுக் கோப்பு. அதுதான் பேச்சு.
டுலூத்தில், வீட்டின் நிலவறையில்,
உலைக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே
எனக்கு இரண்டு திரைகள்.
இடது திரையில் யாரோ ஒருவர் உடம்பு,
வலது திரையில் அதற்கான எண்.

டிசம்பர் கடைசி. இரும்புத்தாது ஏற்றிய கப்பல்
பாலத்தைத் தூக்கச் சொல்லி ஊதிய நேரம்
திறந்தது அந்தக் கோப்பு:
வெர்லின் கிவெலா, வயது அறுபத்தேழு,
அவசர சிகிச்சை, இரவு ஒன்பது நாற்பது.

டாக்டர் ஓபர்மில்லர் எழுதியது ஒன்றரை வரி.
'நெஞ்சு வலி. இசிஜி சரி. ட்ரோபோனின் இரண்டு தடவையும் சரி.
ஆஞ்சைனாவாக இருக்கலாம். வீட்டுக்குப் போகலாம்.'

'இருக்கலாம்' என்ற சொல்லுக்கு
என் தொழிலில் இரண்டு விலை.
மாடியில் கட்டில் கொடுத்து உள்நோயாளி ஆக்கினால்
இருக்கலாம் என்பது இருக்கிறது.
வந்த வழியே அனுப்பிவிட்டால்
இருக்கலாம் என்பது இல்லை;
நோயை எழுதாதே, வலியை மட்டும் எழுது.

சரி, எந்த வலி?
மூச்சு இழுக்கையில் குத்துவது ஒன்று.
இதயத்துக்கு நேர் முன்னே நிற்பது இரண்டு.
விலாச் சுவரைப் பிடித்துக்கொண்டது எண்பத்தொன்பது.
யாரும் எதுவும் சொல்லவில்லையென்றால்
வெறும் ஒன்பது.
ஆர், சுழியம், ஏழு, புள்ளி, ஒன்பது.
தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வேன்.

ஆனால் யாரோ சொல்லியிருந்தார்கள்.
இரண்டு பக்கம் முன்னால்,
செவிலி கேண்டிஸ் பெலாஞ்சரின் குறிப்பில்:
'அண்ணனின் மீன்பிடிக் கூடாரத்தைச் சுருட்டும்போது ஆரம்பம்.
திருப்பிக் கொடுக்கப் போகிறாராம்.
உள்ளே கை விட்டுப் பிழிவது போல. பத்துக்கு ஆறு.
பதினோரு வருஷம் பேச்சில்லை என்றார்.
நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்.'

செவிலி எழுதியதிலிருந்து நோய்க்கு எண் போடக் கூடாது.
படிக்கலாம். படித்துவிட்டு
படிக்காதவள் போல உட்கார்ந்திருக்கலாம்.

டாக்டருக்கு விளக்கம் கேட்டு எழுதினேன்.
அதற்கும் இலக்கணம் உண்டு:
'இதுதானே?' என்று கேட்டால் தூண்டில் போட்ட குற்றம்.
நாலு வாய்ப்புத் தர வேண்டும், ஐந்தாவதாக 'வேறு ஏதேனும்',
கடைசியில் கட்டாயம்
'தீர்மானிக்க இயலவில்லை.'

மூன்று நாள் கழித்து வந்தது பதில்.
அவர் கடைசியைத் தொட்டிருந்தார்.
எனக்குக் கோபம் வரவில்லை. அதைவிட நேர்மையான டாக்டர் கையெழுத்தை
இந்தப் பதினேழு வருஷத்தில்
நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்பது போட்டேன்.
தணிக்கையில் எனக்கு நூற்றுக்கு நூறு.

பிப்ரவரியில் மறுபடி அந்தப் பெயர்.
மடியில் கை வைத்துக்கொண்டுதான் திறந்தேன்;
ஆர் போய் ஐ வந்திருக்குமோ,
சிலருக்கு அந்த ஓர் எழுத்துத்தான் மிச்ச ஆயுள்.

இல்லை. கட்டைவிரல்.
இடது கட்டைவிரலில் குத்துக்காயம், நகத்துக்குச் சேதமில்லை,
அந்நியப் பொருள் உள்ளே, முதல் வருகை:
ஏழு இடமும் நிரம்பிய எண், ஒரு கட்டத்தில்கூடக் காற்று இல்லை.
பொருள்: தூண்டில் முள்.
இடம்: உறைந்த ஏரி. செயல்: மீன்பிடிப்பு.
இதையெல்லாம் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்.
விரல் என்றால் எல்லாருக்கும் கை ஓடுகிறது.

அதே செவிலி, கீழே, தனி வரியில்:
'உடன் வந்தவர் அண்ணன். வண்டி ஓட்டியதும் அவரே.
இருவரும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள்,
முள்ளை யார் முதலில் பிடுங்கப் பார்த்தது என்று.'

உடன் வந்த அண்ணனுக்கு எண் உண்டா?
தேடினேன். திமிங்கிலம் மோதியதற்கு உண்டு,
வாத்து கடித்ததற்கு உண்டு.
நாலு நிமிடம் போயிற்று.
அந்த மணிக்கு என் கணக்கு ஏழு.